கயிறு கட்டிய மூன்றாம் நாள்

மதுரைப் பக்கம் குடியை விடுவதென்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி இல்லை, கோயில். காவல் தெய்வத்தின் முன்னால் நின்று, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டு, மூன்று மாதம் ஆறு மாதம் என்று கெடு சொல்லி அன்றோடு நிறுத்துவார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை, தைப்பூசத்துக்குப் பழனி மாலை. இப்படி விட்டவர்கள் ஊருக்கு நாலு பேராவது உண்டு. சாமி முன்னால், பெண்டு பிள்ளைகள் பார்க்கச் சொன்ன சொல்லுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. அதைக் கேலி பேசுவதற்கில்லை.

சிக்கல் எங்கே என்றால், கயிறு கட்டியவர் அந்த நிமிடத்திலிருந்து ஒரு சொட்டும் தொடுவதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் குடிப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பத்து வருடமாகத் தினமும் இரண்டு குவார்ட்டர் போட்டவருக்கு ஆகும். வெள்ளிக்கிழமை காலை கயிறு. அன்று சாயங்காலமே கை நடுக்கமும் வேர்வையும். சனிக்கிழமை ராத்திரி தூக்கமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுகிறார், பெற்ற பிள்ளையை யாரென்று கேட்கிறார். ‘சாமி குத்தம்’ என்று வீட்டார் திரும்பவும் கோயிலுக்கே கூட்டிப்போகிறார்கள், அல்லது ‘காத்துக் கருப்பு’ என்று மந்திரிக்கப் போகிறார்கள். போகிற வழியில் வலிப்பு வந்து விழுபவர்களும் உண்டு. எந்த மணியில் எது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய உடம்புக் கணக்கு இது.

கணக்கைச் சரக்கிலிருந்தே தொடங்கலாம். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, ரம் பாட்டில்களில் வழக்கமாக அச்சிட்டிருப்பது 42.8 சதவீதம். அப்படியானால் 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி கலப்பில்லாத ஆல்கஹால். ஒரு மில்லியின் எடை 0.79 கிராம், ஆகக் குவார்ட்டருக்குச் சுமார் 61 கிராம். இரண்டு பேர் பங்கு போடும் கட்டிங்கில் 30 கிராம். 650 மில்லி பீர் 5 சதவீதமென்றால் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41. ‘பீர் மட்டும்தான் சார்’ என்று சொல்பவர் இரண்டு ஸ்ட்ராங் பீரிலேயே குவார்ட்டரைத் தாண்டிவிடுகிறார்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ராத்திரி 7 மணியிலிருந்து 10 மணிக்குள் இரண்டு குவார்ட்டரை முடிக்கிறார் என்று வையுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 290 மில்லிகிராம் அளவுக்கு ஆல்கஹால் சேர வேண்டும். அதற்குள் கல்லீரல் வேலையைத் தொடங்கிவிடும். சாதாரண ஆளுக்கு மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை இறங்கும். தினமும் குடிப்பவரின் கல்லீரலில் இன்னொரு நொதிக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் 25, 30 என்று வேகமாக இறங்கும். 25 என்று வைத்தாலே 10 மணிக்குக் கடை சாத்தும்போது 220, விடிந்து 7 மணிக்குக் கிட்டத்தட்டப் பூஜ்யம். அடுத்த கடை திறப்பது மதியம் 12 மணிக்கு. காலையில் டீ கிளாஸ் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குத் தினமும் 5 மணி நேரம் சின்ன அளவில் நடந்துகொண்டிருப்பதுதான், கயிறு கட்டினால் பெரிய அளவில் நடக்கிறது.

பூஜ்யம் வரை இறங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. 250-லேயே வாழப் பழகிய மூளைக்கு 100 என்பதே பஞ்சம். வாயில் இன்னும் வாடை அடிக்கும், கை நடுங்கும். ‘இப்பத்தானே குடிச்சிருக்கான், இது அதனால இருக்காது’ என்று தள்ளிவிடுவது ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கும் தவறு.

மூளைக்குள் என்ன நடக்கிறது? நரம்பணுக்களை அடக்கிவைக்கும் வேதிப்பொருள் காபா. அவற்றைக் கிளப்பிவிடும் வேதிப்பொருள் குளூட்டமேட். ஒன்று பிரேக், மற்றது ஆக்ஸிலேட்டர். ஆல்கஹால் காபாவின் ஏற்பிகளில் பிரேக்கை அழுத்துகிறது, குளூட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளில் ஆக்ஸிலேட்டரை மந்தமாக்குகிறது. இரண்டாவது விளைவு ஆய்வுக்கூடத்தில் தெளிவானது 1989-இல்தான். முதல் நாள் குடித்தவன் சாய்ந்து விழுவது இதனால். மூளையோ சும்மா இருக்காது. தினமும் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், வண்டியை ஓட்டியாக வேண்டுமே என்று பிரேக்கைத் தளர்த்திவிடும், ஆக்ஸிலேட்டரைக் கூட்டிவிடும். காபா ஏற்பிகளின் உட்பாகங்களே வேறு வகைக்கு மாறி, ஆல்கஹாலுக்கும் தூக்க மாத்திரைக்கும் அசையாத வகையாகின்றன. என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. ‘எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்’ என்று நண்பர்கள் மெச்சும் ஆளின் மூளை இப்படித்தான் இருக்கிறது. அந்த மெச்சுதல் கெட்ட சகுனம்.

இப்போது மிதித்த காலைச் சட்டென்று எடுத்தால்? தளர்ந்த பிரேக், கூட்டிய ஆக்ஸிலேட்டர், வண்டி மட்டும் பழைய சாலையில். இந்த ஏற்பாடு பழைய நிலைக்குத் திரும்ப நாட்கள் ஆகும். ஆல்கஹால் வெளியேறச் சில மணி நேரம் போதும். இந்த இடைவெளிதான் விலகல் அறிகுறிகள், ஆஸ்பத்திரிப் பேச்சில் வித்டிராயல்.

கடைசிக் குடியிலிருந்து மணிக்கணக்கு

எல்லாவற்றுக்கும் கடிகாரத்தைக் கடைசி மடக்கிலிருந்து ஓடவிட வேண்டும். கயிறு கட்டிய நேரத்திலிருந்து அல்ல. முந்தின ராத்திரி ‘இதுதான் கடைசி’ என்று வழக்கத்தைவிடக் கூடுதலாக அடித்த நேரத்திலிருந்து. 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, வாந்தி வரும் உணர்ச்சி, எரிச்சல். 12 மணியிலிருந்து 24 மணிக்குள் சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், இல்லாதது தெரியும். ஆனால் ஊர், நாள், ஆள் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள், அதாவது மூன்றாம் நான்காம் நாளில், டெலிரியம் டிரெமன்ஸ். நம் ஊர் வழக்கில் ஜன்னி கண்டதுபோல. நடுக்கம், காய்ச்சல், 120-ஐத் தாண்டும் நாடி, ஏறும் ரத்த அழுத்தம், குழப்பம், உருவெளித் தோற்றம் எல்லாம் ஒன்றாக. மூன்று முதல் ஐந்து நாள் நீடிக்கும். இந்தக் கடைசிக் கட்டத்தை எட்டுவது விலகலுக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். சிகிச்சை முறைகள் வருவதற்கு முன் அவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்தார்கள். இன்று முறையாகப் பார்த்தால் 1 முதல் 4 சதவீதம்.

டெலிரியம் டிரெமன்ஸ் என்ற பெயர் 1813-இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் வைத்தது. அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல், இது குடியின் விளைவா, குடியை விட்டதன் விளைவா, அல்லது சாப்பிடாமல் குடித்ததால் வந்த சத்துக் குறைவா என்று சண்டை தீரவில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் என்ற ஊரில் போதை நோயாளிகளுக்கான அரசு ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே ஹாரிஸ் இஸ்பெல்லும் சகாக்களும், முன்பு மார்ஃபீன் பழக்கத்தில் இருந்த 10 பேருக்கு 7 நாள் முதல் 87 நாள் வரை இரவும் பகலும் மது கொடுத்து, நல்ல சாப்பாடும் வைட்டமினும் சேர்த்துக் கொடுத்து, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். 48 நாளுக்கு மேல் குடித்தவர்களிடம் வலிப்பும் ஜன்னியும் வந்தன. 1955-இல் அந்த முடிவு வெளியானதும் சண்டை தீர்ந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. நாம் இன்று கையாளும் அறிவு அதன் மேல் நிற்கிறது என்பது சங்கடமான உண்மை.

கால் உடைந்தவரின் கதை

குடியை விட நினைத்தவருக்குத்தான் இது வரும் என்றில்லை. மதுரையில் எந்த எலும்பு முறிவு வார்டிலும் செவிலியர்களுக்குத் தெரிந்த காட்சி ஒன்று உண்டு. ரிங் ரோட்டில் டூவீலரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். முதல் நாள் ஒழுங்காகப் பேசினார், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து நூல் நூலாகப் பிரித்தெடுக்கிறார். அங்கே நூல் ஏதும் இல்லை. கட்டிய காலோடு எழுந்து ‘வண்டிக்கு நேரமாச்சு’ என்கிறார். செய்த தொழில் கையில் வரும் என்பது பழைய பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது. கண்டக்டர் காற்றில் டிக்கெட் கிழிப்பார், கொத்தனார் கட்டில் கம்பியில் பூசுவார், பூக்கட்டுபவர் விரலிடுக்கில் இல்லாத நாரை இழுத்து முடிச்சுப் போடுவார். முடிச்சு ஒவ்வொன்றும் சரியாக இருக்கும்.

குடிக்கிறாரா என்று முதல் நாளே கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கேட்டிருப்பார்கள், அவர் இல்லை என்றிருப்பார். மாமனார் பக்கத்தில் நின்றால் யார்தான் ஆமென்பார்கள்? ‘குடிப்பீங்களா?’ என்பது தவறான கேள்வி. உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ‘கடைசியா எப்ப, எத்தனை மணிக்கு, எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் வரும். அடுத்து, ‘காலையில எந்திரிச்சதும் கை நடுங்குமா, நடுக்கம் நிக்க ஊத்துவீங்களா?’ அதற்கு ஆமென்றால் மேற்கொண்டு கேட்பதற்கு அதிகமில்லை, மருந்தை ஆரம்பிக்கலாம். முன்பு குடியை விட்டபோது வலிப்போ குழப்பமோ வந்ததுண்டா என்பது மட்டும் பாக்கி. வந்திருந்தால் இந்த முறையும் வரும் என்று வைத்துக்கொள்வதே புத்தி.

குழம்பிப் பேசுகிறவர்கள் எல்லாரையும் விலகல் கணக்கில் சேர்ப்பதும் ஆபத்து. விழுந்தவருக்குத் தலையில் அடிபட்டு மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டினாலும் மூன்றாம் நாள் குழப்பம்தான் வரும், அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். கல்லீரல் செயலிழந்து வரும் மூளைக் குழப்பம் இன்னொன்று. அதில் ஆள் மந்தமாக, தூங்கித் தூங்கி விழுவார். கையை நீட்டி மணிக்கட்டை மேல் நோக்கி வளைக்கச் சொன்னால் பறவை சிறகடிப்பதுபோல் மெதுவாக விழுந்து எழும். விலகலில் ஆள் விழிப்பாக, பரபரப்பாக, வேர்த்துக் கொட்டியிருப்பார். நடுக்கம் நுண்மையாக, வேகமாக இருக்கும். கல்லீரல் குழப்பத்தில் இருப்பவருக்கு விலகல் மருந்தைக் கொடுத்தால் மயக்கம் ஆழமாகும். இவை தவிர ரத்தச் சர்க்கரை, சோடியம், நிமோனியா என்று பார்க்க வேண்டியவை உண்டு. ரத்தச் சர்க்கரையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், எப்போதும் முதலில் அதைப் பார்ப்பதே வழக்கம்.

‘ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க’

சோர்ந்து வருகிறவருக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்பது நம்மூரில் அசைக்க முடியாத நம்பிக்கை. குடிநோயாளிக்கு அது கண்ணிவெடி. குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்கும் நொதிகளுக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் வேண்டும். உடம்பில் மொத்தமாகவே 25 முதல் 30 மில்லிகிராம்தான் இருப்பு. வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். குடிநோயாளிக்கு வரத்து மூன்று வழியில் அடைபடுகிறது: சோற்றை ஒதுக்குகிறார், ஆல்கஹால் குடலில் தயமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, கெட்ட கல்லீரலால் சேமிக்க முடிவதில்லை. மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் ஏற்றிய குளுக்கோஸ் செலவழித்துவிட்டால், மூளையின் சில பகுதிகள் சக்தியில்லாமல் சாகத் தொடங்கும்.

கார்ல் வெர்னிக்கே 1881-இல் மூன்று நோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார். பார்வை அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் என்ற மூன்றும் சேர்ந்தது என்பது பாடம். இறந்தபின் மூளையைப் பரிசோதித்து உறுதிசெய்தவர்களில் இந்த மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 16 சதவீதம்தான் என்று 1986-இல் தெரிந்தது. மூன்றும் வரட்டும் என்று காத்திருந்தால் பெரும்பாலானோரைத் தவறவிட்டுவிடுவோம் என்று அர்த்தம். தவறவிட்டவர்களில் பலர் நிரந்தர மறதியோடு பிழைக்கிறார்கள். காலையில் இட்லி சாப்பிட்டாரா என்று கேட்டால், சாப்பிட்டதாகவும் யார் வந்து கொடுத்தார்கள் என்றும் கூசாமல் சொல்வார். பொய் சொல்வது அவர் நோக்கமில்லை, காலியான இடத்தை மூளையே இட்டு நிரப்புகிறது. ஆகவே விதி எளிது: தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அதற்குப் பிறகு அல்லது அதோடு. சர்க்கரை அபாயமாகக் குறைந்திருந்தால் காத்திருக்காமல் இரண்டும் ஒன்றாக. தடுப்புக்கு 100 மில்லிகிராம் முதல். வெர்னிக்கே சந்தேகம் இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 200 முதல் 500 மில்லிகிராம் வரை நரம்பில். மாத்திரை போதாது, கெட்டுப்போன குடல் அதை எடுத்துக்கொள்ளாது.

இங்கே சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். புழுங்கலரிசி சாப்பிடுகிற நமக்குப் பச்சரிசி மட்டுமே உண்ணும் ஊர்களைவிட இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். சோற்றுக்குப் பதில் மிக்சரும் ஊறுகாயும் தொட்டுக்கொள்பவருக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

மருந்து என்ன செய்கிறது

தளர்ந்த பிரேக்கை வெளியிலிருந்து மிதித்துப் பிடித்து, மூளை தன் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளும் வேகத்துக்கு ஏற்ப மெல்ல மெல்லக் காலை எடுப்பது. சிகிச்சை மொத்தமும் இவ்வளவுதான். ஆல்கஹால் வேலை செய்யும் அதே காபா ஏற்பியில் வேறொரு இடத்தில் ஒட்டுபவை டயாசிபாம் வகை மருந்துகள். அவற்றில் முதலில் வந்தது குளோர்டயாஸிபாக்ஸைடு. லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்து 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 537 பேரிடம் ஐந்து சிகிச்சைகளை ஒப்பிட்ட 1969-ஆம் வருட அமெரிக்க ஆய்வில் வலிப்பையும் ஜன்னியையும் தடுத்தது இதுதான். மனநோய்க்கான குளோர்புரோமசின் கொடுக்கப்பட்டவர்களுக்கு வலிப்பு, வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களைவிடக் கூடுதலாக வந்தது. ஆர்ப்பாட்டம் செய்கிறார் என்று இந்த வகை ஊசியை மட்டும் போட்டு அடக்குவது ஏன் தவறு என்பதற்கு அதுவே சாட்சி. வலிப்பு என்றதும் கை நீளும் ஃபெனிட்டாயினும் இங்கே உதவுவதில்லை. வலிப்பு கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு 2 மில்லிகிராம் லோராசிபாம் நரம்பில் போட்டால் அடுத்த வலிப்பு 24 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்ததை 1999-இல் காட்டியிருக்கிறார்கள்.

எவ்வளவு கொடுப்பது? கண்ணளவில் இல்லை, மதிப்பெண் போட்டு. 1989-இல் வந்த பத்துக் கேள்வி அட்டவணை ஒன்று உண்டு. குமட்டல், நடுக்கம், வேர்வை, பதற்றம், அமைதியின்மை, தோலில் ஊர்வது, காதில் கேட்பது, கண்ணில் தெரிவது, தலைவலி இவற்றுக்குத் தலா 7 வரை, நாளும் இடமும் தெரிகிறதா என்பதற்கு 4 வரை, மொத்தம் 67. நடுக்கத்தைப் பார்க்க, கையை முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாமல் விரல்நுனியைத் தொட்டால் மட்டும் தெரிவது 1. கை நீட்டாமலே ஆடுவது 7. கூட்டல் 8 அல்லது 10-க்குக் கீழ் என்றால் மருந்து வேண்டாம், மணிக்கொரு தடவை திரும்பப் பார்த்தால் போதும். 15-ஐத் தாண்டினால் சும்மா விடக்கூடாது. இப்படி அறிகுறி பார்த்து மட்டும் கொடுத்ததும், நேரம் வைத்து எல்லாருக்கும் கொடுத்ததும் 1994-இல் ஒப்பிடப்பட்டன. முதல் வகையில் சிகிச்சை 9 மணி நேரத்தில் முடிந்தது, இரண்டாவதில் 68 மணி நேரம். மருந்தும் 425 மில்லிகிராமுக்குப் பதில் 100. ஒரே ஒரு நிபந்தனை: மணிக்கொரு தடவை வந்து பார்க்க ஆள் வேண்டும். ஒரு செவிலியருக்கு நாற்பது கட்டில் என்ற வார்டில் அது நடக்காது. அங்கே 25 மில்லிகிராம் குளோர்டயாஸிபாக்ஸைடு மாத்திரையை நாளுக்கு நாலு வேளை என்று தொடங்கி 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைக்கும் பழைய முறையே பத்திரம். கல்லீரல் கெட்டவருக்குக் குளோர்டயாஸிபாக்ஸைடு உடம்பில் தேங்கும். லோராசிபாமோ ஆக்சாசிபாமோ கொடுப்பார்கள், அவற்றை வெளியேற்றக் கெட்ட கல்லீரலாலும் முடியும்.

இந்த மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி வீட்டில் கொடுக்கப் பார்ப்பவர்களுக்கு: இரண்டும் ஒரே ஏற்பியில் வேலை செய்வதால்தான் இது மருந்தாகிறது, அதனாலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு மேலே குடித்தால் மூச்சு அடங்கும்.

அதே காரணத்துக்காகத்தான், நடுங்குபவருக்கு ஒரு கட்டிங் கொடுத்தால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. ‘பாத்தீங்களா, உடம்புக்கு வேணுங்குது’ என்பார்கள். வேணுங்குதுதான். ஆனால் அது முடிந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் திரும்ப ஓடத் தொடங்கும், கயிற்றை மீறிய குற்ற உணர்ச்சி வேறு சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் சேர்த்து அடுத்த குவார்ட்டர். இன்னொரு வீட்டு வைத்தியம், அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி விளம்பரம் செய்யப்படும் பொடி. அதில் டைசல்ஃபிராம் இருந்தால் அது விஷம் வைப்பதற்குச் சமம். ஆல்கஹால் உடம்பில் முதலில் அசெட்டால்டிஹைடாக மாறி, பிறகே தீங்கற்றதாக உடையும். இந்த மருந்து இரண்டாம் படியை அடைத்துவிடுகிறது. குடித்த சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும். டென்மார்க்கில் 1948-இல் சிகிச்சையாக அறிமுகமான இந்த மருந்தை, குடித்து 12 மணி நேரமாவது ஆகாதவருக்கும், அறியாதவருக்கும் கொடுக்கக்கூடாது. மாத்திரையை விட்டு இரண்டு வாரம் வரை விளைவு இருக்கும். இதயநோய் உள்ளவர் செத்துப்போகலாம்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தையும் அரிவாளையும் திணிப்பது நின்றபாடில்லை. விலகல் வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அடங்கும். சாவி கொடுத்த பிறகு அடங்கியதால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் போடாமல், தலைக்குக் கீழே துண்டு வைத்து, கடிகாரம் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் இரண்டாவது வந்தாலோ 108.

வருடத்துக்கு ஒரு மாலை

கார்த்திகையில் மாலை போட்டு நிறுத்தி, தையில் மாலை கழற்றித் தொடங்கி, சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு விரதம், ஆடிக்கு ஒன்று என்று வருடத்துக்கு மூன்று நாலு முறை விட்டுப் பிடிப்பவர்கள் நம்மிடையே நிறைய. ‘போன வருஷம் ஒண்ணும் ஆகலையே’ என்பது இவர்களின் தைரியம். விலகலின் இயல்பு நேர் எதிர்: ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடக் கடுமையாகக்கூடும். ஈர விறகு முதல் தீக்குச்சியில் பற்றாது; நாலு தடவை வெக்கை பட்டுக் காய்ந்த பிறகு ஒரு பொறி போதும். பேலஞ்சரும் போஸ்ட்டும் 1978-இல் இந்தக் கருத்தை வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, விலகல் வலிப்பு வந்த 25 பேரையும் வராத 25 பேரையும் எடுத்துப் பார்த்தபோது, முன்பு ஐந்து தடவையோ அதற்கு மேலோ சிகிச்சையில் விட்டவர்கள் முதல் கூட்டத்தில் 12 பேர், இரண்டாவதில் 3 பேர். மாலை போட்ட முதல் வருடம் நடுக்கத்தோடு போனது, ஆறாம் வருடம் எருமேலிப் பாதையில் வலிப்பாக வருவதற்கு வழி இது.

விரதத்தை விடச் சொல்ல யாருக்கும் மனம் வராது, தேவையுமில்லை. வரிசையை மாற்றினால் போதும். முதலில் ஆஸ்பத்திரி, ஆறேழு நாள் மாத்திரையும் தயமினும், கை நடுக்கம் நின்ற பிறகு கயிறு. தினமும் காலையிலேயே ஊற்றுபவர், முன்பு வலிப்போ குழப்பமோ கண்டவர், மஞ்சள் காமாலை உள்ளவர், 60 வயதைத் தாண்டியவர், கர்ப்பிணி, வீட்டில் துணையில்லாதவர் என்றால் அந்த ஆறு நாளும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தே ஆக வேண்டும். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பெரியாஸ்பத்திரிக்கு வரும் பஸ்ஸில் வலிப்பு வராமல் இருக்க, நடுக்கம் தொடங்கும் முன்பே கிளம்புவது நல்லது. எங்கே போவது என்று கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416.

ஊரே ஒரே நாளில் கயிறு கட்டியதுபோல் ஒரு தடவை நடந்தது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்குக்காகக் கடைகள் மூடப்பட்டன. சில நாட்களிலேயே வலிப்பும் ஜன்னியுமாக ஆட்கள் வரத் தொடங்கியதைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கேரள அரசு, மருத்துவர் சீட்டுக்கு மது வழங்கலாம் என்று உத்தரவே போட்டது. இரண்டு மூன்று நாளில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. உலகமெங்குமுள்ள மது ஆராய்ச்சியாளர்கள் ஈராண்டுக்கு ஒரு தடவை கூடும் இஸ்ப்ரா மாநாட்டில் மரபணுவும் மூளைப் படமும் எவ்வளவோ பேசப்படுகின்றன. கடை மூடிய ஊரில் நாலாம் நாள் வார்டில் எத்தனை கட்டில் வேண்டும் என்ற கணக்கும் அந்த அறிவியலின் பகுதிதான். நம்மூரில் காந்தி ஜெயந்தி, மே தினம் என்று ஒரு நாள் கடையடைப்புக்கு முன்தின மாலை நிற்கும் வரிசையைப் பார்த்தால், அதில் பாதிப் பேர் கொண்டாட்டத்துக்கு நிற்கவில்லை என்பது புரியும்.

ஏழாம் நாளோடு ஆபத்து தீர்கிறது, அவதி தீர்வதில்லை. தூக்கம் சீராக மாதக்கணக்காகும். காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு வாரக்கணக்கில் இருக்கும். வீட்டார் ‘குடிச்சப்பவே நல்லா இருந்தான்’ என்று சலித்துக்கொள்ளும் காலம் இது. ஆசையை மட்டுப்படுத்தும் மருந்துகள் இந்தக் கட்டத்துக்கு உரியவை. நாளுக்கு 50 மில்லிகிராம் நால்ட்ரெக்ஸோன், குடியின் மகிழ்ச்சியை மழுங்கடிக்கும். அகாம்புரோசேட் 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை, கிளறிய குளூட்டமேட்டை அடக்கும். கல்லீரல் சுருங்கியவருக்கு பாக்லோஃபென்.

மாலை கழற்றும் நாளுக்கு ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. ஒரு மண்டல விரதத்தில் மூளை ஓரளவு பழைய நிலைக்கு வந்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும். முன்பு 220 மில்லிகிராமில் நின்று பேசியவர் இப்போது அதே இரண்டு குவார்ட்டரைப் பழைய வேகத்தில் அடித்தால் நினைவிழப்பார், மல்லாந்து கிடந்து வாந்தி மூச்சுக்குழாயில் போகும். மலையிலிருந்து இறங்கி வரும் வேனில் முதல் பாட்டில் திறக்கப்படும்போது உடனிருப்பவர்கள் செய்யக்கூடியது, குடித்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஊர் வந்து சேரும்வரை ஒருவர் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.